மூன்றாம் ஷெட்டின் நிலவரம்

கௌசிக்கின் விசிட்டிங் கார்டில் ‘சீஃப் டேட்டா ஆபீசர்’ என்று தங்க நிற எழுத்தில் அச்சடித்திருந்தது. அவனுக்குக் கீழே வேலை பார்த்த டேட்டா ஆட்கள் மொத்தம் ஒருவர். பெயர் தனப்பிரியா.

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் வழியில் அவன் அப்பா வெள்ளியங்கிரிக்கு ஆறு ஷெட் கோழிப்பண்ணை. எல்லாம் முட்டைக் கோழி. அங்கே டேட்டா என்று ஒன்று இருப்பதே கௌசிக் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. கோயமுத்தூரில் எம்பிஏ முடித்து, பெங்களூரில் கொஞ்ச காலம் ஒரு கம்பெனியில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, “அங்க எனக்கு ஸ்கோப் இல்லை” என்று வீடு திரும்பியிருந்தான். அவனுக்கு ஸ்கோப் இல்லையா, அவனை வைத்துக்கொண்டு கம்பெனிக்கு ஸ்கோப் இல்லையா என்று அவன் அம்மா வசந்தாமணி கேட்கவில்லை. பையன் வந்தானே, அது போதும் அவளுக்கு.

தனப்பிரியா ஆத்தூர்ப் பக்கம். புள்ளியியலில் எம்எஸ்சி. ஆர் என்கிற கணினி மொழியில் பண்ணைக்கென்று ஒரு பேக்கேஜ் எழுதியவள் அவள்தான். முடிந்ததும் அதை வெள்ளியங்கிரியிடம் காட்டியது கௌசிக்.

“ஆர்ல எழுதியிருக்கறம்ப்பா.”

“ஆரு எழுதுனா?”

“ஆருல்லப்பா, ஆர்.”

“அதத்தான் கேக்கறன். ஆரு?”

கதவருகே நின்றிருந்த தனப்பிரியாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நாந்தான்” என்றான் கௌசிக். பேச்சை வளர்க்க வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆனால் சொன்ன பிறகு அது அவனுக்கே உண்மையாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பேக்கேஜில் இருந்த வித்தை ‘நிலவரம்’ என்கிற ஒற்றைச் சொல். ஷெட்டைக் கொடுத்து நிலவரம் என்று தட்டினால் எத்தனை கோழி, எத்தனை முட்டை, நேற்று எத்தனை செத்தது என்று வரும். சாவு அளவுக்கு மீறினால் திரை சிவக்கும். தீவனக் கிடங்கைக் கொடுத்து அதே நிலவரத்தைத் தட்டினால் மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு என்று வரும். இது எப்படி என்று கௌசிக் ஒருநாள் கேட்டான். யாராவது தன்னைக் கேட்டால் சொல்ல வேண்டுமே என்பதற்காக.

“வெட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கில்ல சார்” என்றாள் தனப்பிரியா. “முடி வெட்டுன்னா கத்தரிக்கோல் எடுப்பாங்க. கிணறு வெட்டுன்னா கடப்பாரை எடுப்பாங்க. வார்த்தை ஒண்ணுதான், எதை வெட்டணுமோ அதுக்கேத்த வேலை நடக்குது. அந்த வார்த்தைதான் ஜெனரிக் ஃபங்ஷன். ஒவ்வொரு வகைக்கும் தனியா எழுதி வெச்சிருக்கற வேலை, மெதட். நிலவரம்ங்கறது ஜெனரிக். ஷெட்டுக்கு ஒரு மெதட், தீவனத்துக்கு ஒரு மெதட். ஆர் பொருளோட வகையைப் பார்த்து சரியான மெதட்டை எடுத்துக்கும்.”

“எனக்குத் தெரியும். நீ எப்படிச் சொல்றேன்னு பார்த்தேன்” என்றான் கௌசிக்.

அந்த ஆனி மாதம் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கும் ஜெகதீஸ்வரனின் மகள் மைதிலி. ரிக் என்றால் போர்வெல் போடும் வண்டி. ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று அவருடைய வண்டிகள் ஓடாத சீமை இல்லை. ஜாதகம் பொருந்திவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணையை வந்து பார்ப்பதாக ஜெகதீஸ்வரன் சொல்லி அனுப்பினார். பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், கோழியைப் பார்க்க பெண் வீட்டார் வருவதுதான் இதில் முக்கியம்.

ஆபீஸ் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டச் சொன்னான் கௌசிக். அதில் நிலவரம் ஓட வேண்டும். ஓட்டிப் பார்த்தால் மூன்றாம் ஷெட்டில் முந்தின நாள் ஒன்பது கோழி செத்திருப்பதாகக் காட்டியது. பத்தாயிரம் கோழி இருக்கும் ஷெட்டில் அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் டிவியில் பார்க்கும்போது ஒன்பது என்பது ஒரு பெரிய எண்ணாக, கொழுத்த எண்ணாக இருந்தது.

“இந்த நம்பரைக் கொஞ்சம் அழகு பண்ணிரு” என்றான்.

“செத்த கோழியை எப்படி சார் அழகு பண்றது?”

“வர்றவங்க ஃபர்ஸ்ட் டைம் வர்றாங்க. சாவு, கீவுன்னு ஓடினா நல்லா இருக்குமா? ரெண்டுக்கு மேல காட்ட வேண்டாம். முட்டை தொண்ணூறு பர்சன்ட்டுக்குக் கீழ போக வேண்டாம். அவ்வளவுதான்.”

“நான் எழுத மாட்டேன் சார்” என்றாள். சொல்லிவிட்டு, அவன் முகம் போன போக்கைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள். “நீங்களே எழுதறதா இருந்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. விருந்தாளி ஷெட்டுன்னு புதுசா ஒரு வகை, அதாவது கிளாஸ், உண்டாக்கி அதுக்கு மட்டும் எழுதுங்க. ஷெட்டுக்கு இருக்கற மெதட் மேலேயே எழுதிடாதீங்க. ஆர் அதைத் தடுக்காது, கேட்கவும் கேட்காது. புதுசைத்தான் எடுத்துக்கும்.”

அக்காவுக்குப் பிரசவம். மறுநாள் அவள் லீவில் ஊருக்குப் போனாள்.

சனிக்கிழமை கௌசிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். கிளாஸ் உண்டாக்குவது எப்படி என்று இணையத்தில் தேடினான். ஸ்லாட், இன்ஹெரிட்டன்ஸ் என்று பக்கம் நீண்டுகொண்டே போனது. பாதியில் கொட்டாவி வந்தது. யார் எழுதியதையோ நகலெடுத்து, செட்மெதட் என்கிற கட்டளையைப் போட்டு, நிலவரம் என்று போட்டு, ஷெட் என்றே போட்டான். சாவு எத்தனையானாலும் இரண்டைத் தாண்டாது. முட்டை தொண்ணூறுக்குக் கீழே இறங்காது. அடியில் பச்சை நிறத்தில் ‘எல்லாம் நலம்’. எல்லாவற்றுக்கும் மேலே, சிடிஓ எடிஷன் என்று தன் பெயரையும் போட்டுக்கொண்டான்.

என்டர் தட்டினான். ஆர் ஒரு வார்த்தை பேசவில்லை. இருந்த மெதட்டைத் தூக்கிவிட்டுப் புதியதை உட்கார வைத்தாயிற்று என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டிலும் பண்ணையிலும் தன் பேச்சை இவ்வளவு மரியாதையாகக் கேட்டுக்கொண்டவர் வேறு யாரும் இல்லை என்று கௌசிக்குக்குத் தோன்றியது.

ஆரை மூடித் திறந்தால் மட்டும் பழைய ஒன்பது திரும்பி வந்து நின்றது. அதற்கும் இணையத்தில் வழி இருந்தது. ஆர் கண்விழிக்கும்போது முதலில் படிக்கிற தொடக்கக் கோப்பு ஒன்று உண்டு. அதில் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும். போட்டான். திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். திங்கட்கிழமை அவனுக்கு மைதிலியின் நம்பர் கிடைத்திருந்தது. ஆகவே எடுக்கவில்லை.

ஞாயிறு ஜம்மென்று போனது. ஜெகதீஸ்வரன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, ஷெட் பக்கமே போகாமல் ஏசி அறையில் டிவிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

“ஏனுங்க மச்சான், இத்தன கோழில ரெண்டுதான் சாவுதுங்களா?” என்று வெள்ளியங்கிரியைக் கேட்டார்.

வெள்ளியங்கிரிக்கே அது புதுச் செய்தி. ஆனால் சம்பந்தி ஆகப் போகிறவர் கேட்கும்போது இல்லை என்று சொல்வாரா? “அதெல்லாம் பையன் பாத்துக்கறானுங்க. முழுக்க கம்ப்யூட்டருங்க” என்றார்.

“கம்ப்யூட்டரு பாத்துக்கிட்டா கோழி சாவாதுங்களா?”

“கண்ட்ரோல்ல இருக்குமுங்க மாமா” என்றான் கௌசிக். மாமா என்று அவன் முந்திக்கொண்டு கூப்பிட்டதில் வசந்தாமணிக்குப் பூரிப்பு. ஜெகதீஸ்வரன் பலகாரத்தைக்கூட மறந்து அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வெள்ளியங்கிரி கோழிப்பண்ணைக் கண்காட்சி பார்க்க ஹைதராபாத் போனார். போகும்போது, தினமும் காலையில் டிவியைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். ஹைதராபாத்தில் கூட்டாளிகளிடம் காட்ட வேண்டுமே.

முதல் காலை சூப்பர்வைசர் சுப்பையன் போன் பண்ணினார்.

“தம்பி, மூணாம் ஷெட்டுல கோழி சாயுதுங்க. நேத்து முப்பதுங்க. வெள்ளையும் பச்சையுமா கழியுது. டாக்டர வரச் சொல்லுங்க.”

“நீங்க எண்ட்ரி போட்டீங்களா?”

“போனுல போட்டுட்டனுங்க. முப்பதுன்னு.”

கௌசிக் தலையைத் திருப்பி டிவியைப் பார்த்தான். மூன்றாம் ஷெட், சாவு இரண்டு, எல்லாம் நலம். “இங்க ரெண்டுதானே காட்டுது. நீங்க ஆறு ஷெட்டையும் சேர்த்து எண்ணியிருப்பீங்க. மறுபடி பாருங்க.”

அந்த மெதட்டை எழுதியவன் அவன்தான். எழுதியவனே எப்படி நம்புவான் என்று கேட்கலாம். கௌசிக்கின் மனதில் அது ஞாயிற்றுக்கிழமைக்காகப் போட்ட தோரணம். ஞாயிறு முடிந்ததும் தோரணமும் வாடிப் போயிருக்கும். தவிர, சுப்பையன் ஒரு பக்கம், தான் வாங்கி மாட்டிய அறுபத்தைந்து அங்குல டிவி ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சீஃப் டேட்டா ஆபீசர் எதை நம்புவார்?

மறுநாள் சுப்பையன் போன் பண்ணவில்லை, நேரில் வந்தார். கையில் ஒரு செத்த கோழி. கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது.

“இந்த மாதிரி ஒரு கூடை இருக்குதுங்க தம்பி. முட்டையும் பாதிக்குப் பாதி கொறஞ்சு போச்சுங்க.”

“தொண்ணூறு பர்சன்ட் இருக்கே.” கௌசிக் விரலை டிவி பக்கம் நீட்டினான். “உங்களுக்கு வயசாச்சுங்க சுப்பைண்ணா. கண்ணு பாத்துக்கங்க.”

சுப்பையன் டிவியைப் பார்த்தார். கையிலிருந்த கோழியைப் பார்த்தார். “இது செத்துத்தானுங்க இருக்குது?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். ஏசி அறைக்குள் கோழியைக் கொண்டுவந்ததற்காக அவருக்கு ஒரு கண்டிப்பு மெசேஜ் போட்டான் கௌசிக். பிறகு டிவியைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினான். ஹைதராபாத்திலிருந்து கட்டை விரல் வந்தது.

வெள்ளியங்கிரி திரும்பி வந்தபோது பண்ணைக் கேட்டுக்கு முன்னாலேயே கார் கண்ணாடியை இறக்கினார். முப்பது வருசமாகக் கோழி வாடையிலேயே இருக்கிற மூக்கு. ஆபீசுக்குப் போகாமல் நேரே மூன்றாம் ஷெட்டுக்குப் போனார். உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவர் பேசியது ஒரே வார்த்தை. “டாக்டரு.”

கழிந்துகொண்டிருந்த கோழிகளைப் பார்த்ததுமே டாக்டர் வெள்ளைக்கழிச்சல் நோய் என்றார். இந்த ஷெட்டுக்கு மட்டும் தடுப்பூசி தள்ளிப்போயிருக்கிறது, மற்ற ஷெட்டுகளுக்கு இப்போதே போட்டால் தப்பிக்கலாம் என்றார். “மொத நாளே கூப்பிட்டிருந்தா இதுலயும் பாதியக் காப்பாத்தியிருக்கலாம். ஏன் கூப்பிடல?”

பதில் ஆபீஸ் சுவரில் பச்சை நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தனப்பிரியா லீவு முடிந்து வந்தது அன்றைக்குத்தான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, வெள்ளியங்கிரி அவளைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார். பின்னால் அவர், அவருக்குப் பின்னால் சுப்பையன், எல்லோருக்கும் பின்னால், கதவுக்குப் பக்கத்தில், கௌசிக்.

“அம்மிணி, அங்க செத்துக் குமிஞ்சு கெடக்குது. இது ரெண்டுங்குது. என்னன்னு பாருங்க.”

அவள் முதலில் சுப்பையன் போட்ட எண்ட்ரிகளைத் திறந்தாள். முப்பது, நூற்றுப் பத்து, நானூறு என்று எல்லாம் சரியாகவே வந்து சேர்ந்திருந்தன. பிறகு நிலவரத்துக்கு எந்தெந்த மெதட் இருக்கிறது என்று கேட்டாள். ஷெட்டுக்கான மெதட்டைக் காட்டச் சொன்னாள். அவள் எழுதியது அங்கே இல்லை. வேறு ஒன்று இருந்தது, தலையில் ‘சிடிஓ எடிஷன்’ என்ற கிரீடத்தோடு.

“வைரஸா இருக்கும்ப்பா” என்றான் கௌசிக் பின்னாலிருந்து. “இப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல நெறைய வருது.”

“உங்க பேரோட வந்திருக்கு சார்” என்றாள் தனப்பிரியா, திரும்பாமல்.

ரிமூவ்மெதட் என்று தட்டினாள். அந்த ஒரு முறை ஆர் வாய் திறந்தது. TRUE என்றது. நீக்கியாயிற்று என்று அர்த்தம். தொடக்கக் கோப்பிலிருந்தும் அதை வழித்தெடுத்து எறிந்துவிட்டு, ஆரை மூடித் திறந்து, நிலவரத்தை மறுபடி ஓட்டினாள். டிவி ஒரு நொடி கறுத்து, அப்புறம் முழுக்கச் சிவந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளியங்கிரியின் வெள்ளைச் சட்டையும் சிவப்பாகத் தெரிந்தது.

அவர் மகனை அடிப்பார் என்று சுப்பையன் எதிர்பார்த்தார். மகனும் எதிர்பார்த்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மத்தியானம் ஜேசிபி வந்து பண்ணைக்குப் பின்னால் குழி தோண்டியது. கோழிகளைக் கொட்டி, சுண்ணாம்பைத் தூவி மூடினார்கள். கௌசிக்கை அங்கே நிற்கச் சொல்லியிருந்தார் வெள்ளியங்கிரி. கோழிகள் கூடை கூடையாகக் குழிக்குள் இறங்கின. சிறகு ஒன்று பறந்து வந்து அவன் கூலிங் கிளாசில் ஒட்டிக்கொண்டது. தன் கையால்தான் இது நடந்தது என்ற நினைப்பு முதன்முறையாக உள்ளே இறங்கியது. சாப்பிட மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னான். வசந்தாமணி இரண்டாவது தடவை கூப்பிட்டபோது போய்ச் சாப்பிட்டான்.

சாயங்காலம் வெள்ளியங்கிரி தனப்பிரியாவைக் கூப்பிட்டு, எதிரே உட்காரச் சொன்னார்.

“அம்மிணி, நடந்தது நடந்துபோச்சு. நிச்சயம் முடியற வரைக்கும் இது வெளிய போவக்கூடாது.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க.”

“அப்பறம் இன்னொண்ணு. அந்த ரெண்டு காட்டுமே, அத முழுசா அழிச்சுப்போட்டீங்களா?”

“அழிச்சாச்சுங்க.”

“நமக்கு நெசத்தக் காட்டட்டும். வர்றவியளுக்கு மட்டும் அதக் காட்டற மாதிரி பண்ண முடியாதுங்களா? பையன் பண்ணத் தெரியாம பண்ணிப்போட்டான். நீங்க ஒழுங்காப் பண்ணுவீங்க.”

தனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழியில் கொட்டிய சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. இந்த மனிதருக்கு மற்றவர்களிடம் பொய் சொன்னது தப்பாகப் படவில்லை, அதைத் தனக்கே சொல்லிக்கொண்டதுதான் தப்பாகப் பட்டது.

“பண்ணலாங்க. புது கிளாஸ் ஒண்ணு, அதுக்கு ஒரு மெதட். அரை மணி நேர வேலைதான். ஆனா நான் பண்ண மாட்டேங்க.”

மாசக் கடைசியில் அவள் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் புள்ளியியல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் போனதைக் கௌசிக் ‘டீம் ரீஸ்ட்ரக்சரிங்’ என்று குறிப்பிட்டான்.

ஆவணியில் நிச்சயதார்த்தம் நடந்தது. செத்த கோழி விஷயம் ஜெகதீஸ்வரன் காதுக்குப் போகாமல் இருக்குமா? நாமக்கல்லில் ஒரு ஷெட் காலியானால் திருச்செங்கோட்டு டீக்கடைக்கு அது மத்தியானத்துக்குள் போய்விடும். நிச்சயம் முடிந்த மறுவாரம் அவர் கௌசிக்கைத் தன் ரிக் ஆபீசுக்கு வரச் சொன்னார். போகும் வழியெல்லாம் கௌசிக் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். கல்யாணம் நின்றால் மைதிலிக்கு என்ன சொல்வது, அம்மா எப்படித் தாங்குவாள் என்றெல்லாம் நினைத்து, எலச்சிப்பாளையம் தாண்டும்போது கண்ணே கலங்கிவிட்டது.

ஜெகதீஸ்வரன் கதவைச் சாத்தினார்.

“கேள்விப்பட்டனுங்க மாப்ள. அத்தன கோழி சாவுது, டிவில ரெண்டுன்னே ஓடுச்சாமே?”

“மாமா, அது வந்துங்க…”

“நம்ம ரிக்குக்கும் அந்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “போர் போட வர்ற பார்ட்டி, எத்தன எடத்துல தண்ணி வந்துச்சு, எத்தன எடத்துல தண்ணியில்லாம வெறும் பொகையா வந்துச்சுன்னு கேக்கறாங்க. பொகையா வந்ததெல்லாம் தெரிய வேண்டாம். நீங்க நெம்பப் பெரிய மூளைங்க மாப்ள. மொதல்ல எனக்குத் தெரியாமப் போச்சு.”

கௌசிக்குக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. அவன் வாழ்க்கையில் அவன் வேலையை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை. உடனே அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஆரை ஏற்றினான். மாமனார் தோளுக்குப் பின்னால் நின்றார். செட்மெதட், நிலவரம், ரிக் என்று தட்டி என்டரை அழுத்தினான். சிவப்பாக ஒரு வரி வந்தது. நிலவரம் என்று ஒரு ஃபங்ஷனே இங்கே இல்லை என்றது ஆர்.

போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தனப்பிரியாவைக் கூப்பிட்டான். ரிக், போர், தண்ணீர் என்று சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னான்.

“அங்க ஜெனரிக் இல்லையே சார். நம்ம பண்ணை பேக்கேஜ்ல நான் எழுதி வெச்சிருந்தேன், அதனால உங்க மெதட் போய் உட்கார்ந்துச்சு. அங்க நீங்கதான் மொதல்ல செட்ஜெனரிக் போட்டு நிலவரத்தை உண்டாக்கணும். ரிக்குன்னு ஒரு கிளாஸ் உண்டாக்கணும். அப்புறம்தான் மெதட்.”

“நீ கொஞ்சம் எழுதி அனுப்பிடேன்.”

“இங்க ஓபி நேரம் சார். நெசமான நோயாளிங்க வந்திருக்காங்க” என்று வைத்துவிட்டாள்.

உள்ளே ஜெகதீஸ்வரன் இரண்டாவது டீ சொல்லியிருந்தார். “ஆச்சுங்களா மாப்ள?”

“ஒரு பத்து நிமிசமுங்க மாமா.”

கௌசிக் ஆரை மூடினான். படம் வரைகிற செயலி ஒன்றைத் திறந்தான். பச்சையில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ‘மொத்தப் போர்: 412, தண்ணீர் வந்தது: 411’ என்று தடித்த எழுத்தில் எழுதினான். ஓரத்தில் ஒரு ரிக் வண்டியின் படத்தை ஒட்டினான். திரை முழுக்க வருமாறு அதையே வால்பேப்பராக வைத்தான்.

ஜெகதீஸ்வரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அந்த ஒண்ணு ஏனுங்க தண்ணி வரல?”

“ஒண்ணாவது வராட்டித்தானுங்க மாமா நம்புவாங்க.”

ஜெகதீஸ்வரன் மகள் இருக்கும் தன் வீட்டுத் திசையைப் பார்த்துக் கும்பிடு போடாத குறையாகச் சிரித்தார். ஆபீசில் இருந்த டிரைவர்கள், ஏஜென்ட்டுகள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, அந்த அசையாத படத்தைக் காட்டி, “மாப்ள எழுதுன புரோகிராம்” என்றார். கௌசிக் எழுந்து நின்று எல்லோருக்கும் ஒவ்வொரு விசிட்டிங் கார்டு கொடுத்தான்.